கோல் விழுந்த பிறகு வரும் ஷாட்

ஐஸ் ஹாக்கி கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோல் கீப்பர்களைப் பற்றித்தான். எனக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது? பதினோரு வருடம் ஒரு கீப்பரின் அம்மாவாக ரிங்க் ரிங்க்காக உட்கார்ந்து கை விறைத்தவள் நான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்துவிட்டேன். இந்த முறை முழுக்கக் கீப்பர்கள்தான்.

நான் ஆதரிக்கும் அணியின் முதல் கீப்பருக்கு இடுப்பில் காயம். இந்த சீசனில் இனி வரமாட்டார் என்கிறார்கள். யாரென்றே தெரியாத ஒரு பையன் இரண்டு வாரமாக எல்லா ஆட்டத்திலும் நிற்கிறான். நாலில் மூன்று ஜெயித்துவிட்டான். ஆபீஸில் எல்லோரும் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். நம்பலாமா அக்கா?
— வாசகர், பிராம்ப்டன்

இப்போதைக்கு நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். நாலு ஆட்டம் என்றால் நூற்றிச் சொச்சம் ஷாட். அதற்குள் எதுவும் தெரிந்துவிடாது.

"யாரென்றே தெரியாத" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் கொஞ்சம் பேசுவோம். நமக்குத்தான் தெரியாது. அணிக்காரர்களுக்கு அவனை ஐந்தாறு வருடமாகத் தெரிந்திருக்கும். ஓர் அணியில் முன்வரிசைக்குப் பன்னிரண்டு பேர், தடுப்புக்கு ஆறு பேர் ஆடலாம். வலைக்கு முன்னால் ஒரே ஒருவர்தான். பதினெட்டு வயதில் டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுக்கப்பட்ட கீப்பர், என்.எச்.எல். என்ற பெரிய லீகுக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். என்று ராத்திரி பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருப்பார். மேலே இருப்பவருக்குக் காயம் படவேண்டும், அல்லது ஃபார்ம் போகவேண்டும். அதுவரை கதவு திறக்காது. எந்தக் கீப்பரும் அடுத்தவனுக்கு அடிபட வேண்டும் என்று நினைப்பதில்லை. ஆனாலும் அவர்கள் வாழ்க்கை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பதினெட்டு வயதில் ஒரு கீப்பரைக் கணிப்பதும் லேசில்லை. டொமினிக் ஹாசெக் 1983 டிராஃப்டில் 199-ஆவது ஆள். ஹென்ரிக் லண்ட்க்விஸ்ட் 205. டிம் தாமஸ் 217. பெக்கா ரின்னே 258. இந்த நாலு பேருமே பின்னாளில், அந்த வருடத்தின் சிறந்த கீப்பருக்கான வெசினா கோப்பையை வாங்கியவர்கள். ஹாசெக் மட்டும் ஆறு தடவை.

அந்த ஹாசெக், சிகாகோவில் எட் பெல்ஃபருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். 1992-இல் பஃபலோவுக்கு மாற்றிவிட்டார்கள். சில மாதத்தில் அங்கேயும் கிராண்ட் ஃப்யூர் வந்து சேர்ந்தார்! மறுபடியும் பெஞ்ச். 1993–94 சீசனில் ஃப்யூருக்குக் காயம் பட்ட பிறகுதான் வலை இவர் கைக்கு வந்தது. அப்போது வயது இருபத்தெட்டைத் தாண்டியிருந்தது. அந்த சீசனை ஆட்டத்துக்கு 1.95 கோல் என்ற சராசரியில் முடித்தார். 1974-க்குப் பிறகு அதுவரை எந்த முதல் கீப்பரும் இரண்டுக்குக் கீழே போனதில்லை. டிம் தாமஸ் இன்னும் தாமதம். ஃபின்லாந்து, ஸ்வீடன் எல்லாம் சுற்றிவிட்டு, பாஸ்டனில் நிரந்தர இடம் கிடைக்கும்போது வயது 31. முப்பத்தேழு வயதில், 2011 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், வான்கூவர் மண்ணிலேயே ஒரு கோல்கூட விடாமல், லீகின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார்.

அதனால் பெயர் தெரியாததை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்படி எடை போடுவது என்றால், என் வழியைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு கோலும் எங்கே நுழைந்தது என்று குறித்துக்கொள்வேன்: கிளவ் (பிடிக்கும் கை) பக்கம் மேலே, பிளாக்கர் (ஸ்டிக் இருக்கும் கை) பக்கம் கீழே, கால் இடுக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். கோல் விழுந்த பிறகு வந்த முதல் ஷாட்டை என்ன செய்தான்? அமைதியாக நெஞ்சில் வாங்கி அணைத்துக்கொண்டானா, அல்லது பதறிப்போய் இடத்தைவிட்டு விலகி, பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) திரும்ப எதிராளி ஸ்டிக்குக்கே தட்டிவிட்டானா? இருபது, இருபத்தைந்து ஆட்டம் ஆனதும் அந்த இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். என் கேள்விக்கு எப்போதும் அங்கேதான் பதில் கிடைத்திருக்கிறது.

ஒட்டாவாவில் 2015-இல் ஆண்ட்ரூ ஹாமண்ட் என்று ஒருவர் வந்தாரே. ஊரே பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஆளே காணாமல் போய்விட்டார். அது வெறும் அதிர்ஷ்டம்தானா?
— வாசகி, ஒட்டாவா

இல்லவே இல்லை. இந்த "வெறும் அதிர்ஷ்டம்" என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அந்தப் பிப்ரவரியில் ஒட்டாவாவின் கீப்பர்கள் கிரெய்க் ஆண்டர்சன், ராபின் லேனர் இருவருக்கும் காயம். பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) இடத்துக்கு 14 புள்ளி பின்தங்கிக் கிடந்தது அணி. ஹாமண்டை எந்த அணியும் டிராஃப்டில் எடுத்ததே இல்லை. பல்கலைக்கழக அணியிலிருந்து நேராக ஒப்பந்தம் செய்தவர். ஏ.எச்.எல்.-இல் அந்த வருடம் அவருடைய எண்களும் சுமார்தான். வேறு ஆளில்லாமல் இறக்கினார்கள். 20 வெற்றி, 1 தோல்வி, கூடுதல் நேரத்தில் 2 தோல்வி. இதுதான் அந்த சீசனில் அவர் கணக்கு. முதல் 12 ஆட்டத்தில் ஒன்றில்கூட இரண்டு கோலுக்கு மேல் விடவில்லை. 1930-களில் ஃப்ராங்க் ப்ரிம்செக் செய்ததைச் சமன் செய்தார். ரசிகர்கள் வீசி, பனித்தளத்தில் பர்கர் பர்கராக விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் பட்டப்பெயர் "ஹாம்பர்க்ளர்" அல்லவா! அணி பிளேஆஃபுக்குள் போய்விட்டது.

பிளேஆஃபில் மாண்ட்ரியலிடம் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. மூன்றாவதிலிருந்து ஆண்டர்சன் திரும்ப வந்தார். அதோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

என்ன ஆயிற்று? புதுக் கீப்பரைப் பற்றி எதிரணிகளிடம் வீடியோ இருக்காது. எந்தப் பக்கம் முதலில் சாய்கிறார், கம்பத்தோடு ஒட்டி உட்காரும்போது தோளுக்கு மேல் எவ்வளவு இடைவெளி விடுகிறார், பக் பக்கவாட்டில் போனால் எத்தனை வேகமாக நகர்கிறார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. பத்துப் பதினைந்து ஆட்டம் போனதும் எல்லா அணியின் வீடியோ ஆட்களும் அவரைப் பாடமாகவே படித்துவிடுவார்கள். அதன் பிறகு அவர் வேறு கீப்பராக மாறவேண்டும். அதுவும் சீசனுக்கு நடுவில், வாரத்துக்கு மூன்று ஆட்டம் ஆடிக்கொண்டே. முதல் வாய்ப்பைவிட இந்த இரண்டாவது மாற்றம்தான் பலரைக் கவிழ்க்கிறது. என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

இன்னொன்று, அவர் காணாமல் போகவில்லை. 2018 ஏப்ரலில் கொலராடோ அணியில் இரண்டு கீப்பருக்கும் காயம் என்று மறுபடி இவரைத்தான் கூப்பிட்டார்கள். நாஷ்வில்லில், தோற்றால் வீட்டுக்கு என்ற ஆட்டத்தில் 44 ஷாட் தடுத்து 2–1 என்று ஜெயிக்க வைத்தார். 2022-இல் மாண்ட்ரியலுக்கு வந்தபோதும் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றார். இதையும் அதிர்ஷ்டம் என்பீர்களா?

சாயந்திர ஆட்டத்தில் யார் நிற்கப்போகிறார் என்று நிருபர்கள் காலையிலேயே எழுதிவிடுகிறார்களே, எப்படி?
— வாசகர், மார்க்கம்

ஆட்ட நாள் காலையில் லேசான பயிற்சி இருக்கும். அதில் எந்த கீப்பர் முதலில் ஐஸைவிட்டு வெளியேறுகிறாரோ, பெரும்பாலும் அவர்தான் இரவு ஆடுவார். மற்றவர் கடைசிவரை நின்று, ஆடாத வீரர்களின் ஷாட்டுகளை வாங்கிக்கொண்டிருப்பார். அடுத்தடுத்த நாள் ஆட்டமென்றால் ஒன்று இரண்டாவது கீப்பருக்குப் போய்விடும். மார்ட்டின் ப்ரோடர் போல வருடத்துக்கு 70 ஆட்டத்துக்கு மேல் நின்றவர்கள் இப்போது இல்லை. 55 தாண்டினாலே உழைப்பாளி என்கிறோம்.

சேவ் சதவீதம் .900 என்கிறார்கள், .915 என்கிறார்கள். இந்தக் குட்டி வித்தியாசத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?
— கணக்கு ஆசிரியர், மாண்ட்ரியல்

கணக்கு ஆசிரியரே கேட்டுவிட்டீர்கள், பலகையில் போட்டுவிடுவோம். ஆயிரம் ஷாட்டில் தொள்ளாயிரத்தைத் தடுத்தால் .900. ஆட்டத்துக்குச் சுமார் 28 ஷாட், 60 ஆட்டம். மொத்தம் 1,680 ஷாட். .900 கீப்பர் விடுவது 168 கோல். .915 கீப்பர் விடுவது சுமார் 143. வித்தியாசம் 25 கோல். பிளேஆஃபுக்குப் போகும் அணியையும் போகாத அணியையும் பிரிப்பதற்கு 25 கோல் தாராளம்.

ஆனால் இந்த எண் ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். தூரத்திலிருந்து வரும் ஷாட்டும், வலைக்கு நேரே பத்தடியில் தனியாக நிற்பவன் அடிக்கும் ஷாட்டும் இதில் ஒன்றாகத்தான் எண்ணப்படுகின்றன. முன்னால் நிற்கும் தடுப்பு வரிசை மோசமென்றால் நல்ல கீப்பரின் எண்ணும் படுத்துவிடும். எந்த இடத்திலிருந்து வந்த ஷாட், அதற்கு கோல் ஆகும் வாய்ப்பு எவ்வளவு என்று எடைபோட்டு, அதைவிட எத்தனை கோல் குறைவாக விட்டார் என்று சொல்லும் கணக்கும் இப்போது வந்துவிட்டது. ஒரு புதுக் கீப்பரைப் பார்க்க அது மேலானது.

யாருக்குமே தெரியாத கீப்பர் கோப்பையே ஜெயித்தது உண்டா?
— வாசகர், எட்மண்டன்

உண்டு, உண்டு. கென் ட்ரைடன் 1971-இல் மாண்ட்ரியலுக்காக ஆறே ஆறு லீக் ஆட்டம் ஆடிவிட்டு பிளேஆஃபில் நின்றார், கோப்பையும் வந்தது. 2023-இல் வேகாஸ் அணியின் ஏடின் ஹில், பிளேஆஃபின் இரண்டாம் சுற்று நடுவில் லோரன் ப்ராஸ்வாவுக்குக் காயம் பட்டதால் உள்ளே வந்தவர். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது ஜோர்டன் பின்னிங்டனிடம்தான்.

2011-இல் செயின்ட் லூயிஸ் அணி எடுத்த ஆள், 88-ஆவது இடம். ஏழு வருடம் ஆகியும் மேலே ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கவில்லை. 2017–18-இல் அந்த அணிக்குச் சொந்தமாக ஏ.எச்.எல். அணி இல்லாததால், பாஸ்டனின் கீழ் அணியான பிராவிடன்ஸுக்கு இரவல் கொடுத்துவிட்டார்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் மொத்த லீகிலும் கடைசி இடம். நடுவிலேயே பயிற்சியாளரை மாற்றியாயிற்று. ஜனவரி 7-ஆம் தேதி, பிலடெல்ஃபியாவில், முதன்முதலாக ஆட்டத்தைத் தொடங்கினார் பின்னிங்டன். 3–0, ஒரு கோல்கூட விடாத ஷட்-அவுட். பிறகு சீசன் முடிய 24 வெற்றி, 5 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 1.

எல்லோரும் அந்த ஷட்-அவுட்டைத்தான் சொல்வார்கள். என் நோட்டில் நான் அடிக்கோடிட்டிருப்பது வேறு ஆட்டம். இறுதிச் சுற்று, பாஸ்டனோடு, மூன்றாவது ஆட்டம், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால். 19 ஷாட்டில் 5 கோல் விட்டார். இரண்டாம் பீரியடிலேயே இழுத்து பெஞ்சில் உட்காரவைத்தார்கள். 7–2 தோல்வி. தொப்பியைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்ததை நான் டிவியில் பார்த்தேன். இந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு ராத்திரி தூக்கம் வருமா என்றுதான் நினைத்தேன். இரண்டே நாளில் நாலாவது ஆட்டத்தில் அவரே வந்து நின்றார். 4–2 வெற்றி. ஜூன் 12, ஏழாவது ஆட்டம், பாஸ்டனில். முதல் பீரியடில் பாஸ்டன் 12 ஷாட் அடித்தது, ஒன்றும் நுழையவில்லை. மொத்தம் 32 தடுத்தார், 4–1. ஒரு வருடம் முன்பு எந்த அணியின் நிழலில் இரவல் ஆளாக இருந்தாரோ அந்த அணியின் கட்டடத்திலேயே கோப்பை. கோல் விழுந்த பிறகு வரும் ஷாட் என்று நான் புலம்பிக்கொண்டிருப்பது இதைத்தான்.

டொராண்டோவுக்கு எதிராக 42 வயதுக்காரர் ஒருவர் கீப்பராக இறங்கி ஜெயித்தது நிஜமா?
— வாசகி, ஸ்கார்பரோ

நிஜம். டேவிட் ஐயர்ஸ், 2020 பிப்ரவரி 22. கரோலினா அணியின் இரண்டு கீப்பருக்கும் காயம் பட்டதால் அவசரகால கீப்பரான இவரை இறக்கினார்கள். தாயாரிடமிருந்து சிறுநீரகம் பெற்று உயிர் பிழைத்தவர். முதல் இரண்டு ஷாட்டும் கோல். அதன் பிறகு வந்த எட்டும் தடுக்கப்பட்டன. கரோலினா 6–3. இந்தத் தலைப்பில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

புதியவரை எல்லோரும் கொண்டாடும்போது, இடம் போன பழைய கீப்பரை நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை. உங்களுக்கும் அப்படியா?
— வாசகி, வின்னிபெக்

அப்படியேதான். டெட்ராய்ட்டில் ஹாரி லம்லி 1950-இல் கோப்பை ஜெயித்துக் கொடுத்தார். நடுவில் ஏழே ஆட்டம் ஆடிய டெரி சாச்சக்கைப் பார்த்ததும், அந்தக் கோடையிலேயே லம்லியை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆனால் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியையும் நினையுங்கள். பிட்ஸ்பர்க்கில் 2009 கோப்பையை ஜெயித்தவர். 2016-இல் தலையில் அடிபட்டு ஒதுங்க, மாட் மர்ரி என்ற இளைஞர் உள்ளே வந்து கோப்பையை வென்றார். அடுத்த வருடம் முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு முன்னால் மர்ரிக்குக் காயம். ஃப்ளூரி நின்றார், இரண்டு சுற்று தாண்ட வைத்தார். பிறகு மூன்றாம் சுற்றில் மறுபடி மர்ரிக்கு இடம் போயிற்று. 2017-லும் கோப்பை. ஐஸில் அதைத் தூக்கிச் சுற்றிவந்த ஃப்ளூரி, அடுத்து மர்ரி கையில்தான் கொடுத்தார். தான் அந்த அணியைவிட்டுப் போகப்போவது அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் நிறைந்துவிடும். அதே மாதம் வேகாஸ் போனார். அந்தப் புத்தம் புது அணியை முதல் சீசனிலேயே இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருடமாக அணியில் இரண்டாவது கீப்பர். முதல் கீப்பர் குடும்பத்தோடு வேறு மாகாணம் போய்விட்டதால், இனி எல்லா ஆட்டமும் உனக்குத்தான் என்று கோச் சொல்லிவிட்டார். இத்தனை நாள் ஆசைப்பட்டவள், இப்போது ராத்திரி அழுகிறாள். சனிக்கிழமை முதல் ஆட்டம். என்ன சொல்லித் தேற்றுவது?
— ஓர் அப்பா

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

என் மகனுக்குப் பதினைந்து வயதில் இதேதான் நடந்தது. முதல் கீப்பருக்கு முழங்கால் போயிற்று, இவன் முறை வந்தது. முதல் ஆட்டத்தில் ஆறு கோல். ஆறாவது விழுந்ததும் கோச் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டார். தோளில் ஒரு தட்டுக்கூட இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் பேசினேன். "நாலாவது கோல் உன் தப்பு இல்லைடா" என்றேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இன்றைக்கு அந்தக் காரில் திரும்ப உட்கார முடிந்தால் வாயையே திறக்க மாட்டேன்.

அதற்கடுத்த வாரம் கீப்பர் பயிற்சியாளர் ஒருவர் அவனுக்குச் சொல்லித்தந்தது சின்ன விஷயம். வாஷிங்டன் அணியில் கீப்பராக இருந்த காலத்தில் ப்ரேடன் ஹோல்ட்பி ஆட்டத்துக்கு நடுவில் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேலே பீய்ச்சி, ஒரு துளியை மட்டும் கண்ணால் பிடித்து அது விழும்வரை பார்ப்பார். கோல் விழுந்தால் நீயும் அதைச் செய், ஸ்கோர் போர்டைப் பார்க்காதே என்றார். இவன் வீட்டில் குளியலறையில் நின்றுகொண்டு பழகினான். தரையெல்லாம் ஈரம். நான் திட்டவில்லை. அடுத்த ஆட்டத்திலும் தோற்றார்கள், மூன்று கோல். ஆனால் என் நோட்டில் அந்த இரண்டாவது கட்டம் மூன்று முறையும் சுத்தமாக இருந்தது.

உங்கள் மகளிடம் தைரியமாக இரு என்று சொல்லாதீர்கள், அது இன்னொரு பாரம். அவள் அழுவதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. இத்தனை நாள் தோற்றால் அது வேறொருத்தியின் தோல்வி. இனி தன்னுடையது என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்தது நல்லதுதான். கோச்சிடம் நீங்கள் ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஒரு மோசமான ஆட்டத்துக்காக அடுத்த ஆட்டத்தில் உட்காரவைக்க மாட்டேன் என்ற வாக்கு. அதை அவர் அவளிடமே நேரில் சொல்லவேண்டும். உடம்பையும் கவனியுங்கள். வாரம் ஓர் ஆட்டம் ஆடியவள் இனி இரண்டு மூன்று ஆடுவாள். தொடை இடுக்குத் தசைதான் முதலில் முறுக்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ராத்திரி பேட், கிளவ் எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஈர கிளவ் கனக்கும்.

சனிக்கிழமை அவள் வலைக்குப் பின்னால் உட்காராதீர்கள். உங்கள் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது. ஒரு ஃப்ளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு மேல் வரிசைக்குப் போய்விடுங்கள். பெரும்பாலான ரிங்க்குகளில் ஹீட்டர் அங்கேதான் தொங்கும், சுவரில் இருக்கும் பொத்தானை நாம்தான் அமுக்கவேண்டும்.